ஆள் ஷிஃப்ட்டில், போன் கட்டிலில்

என் கையெழுத்தைப் பார்த்து டைப் அடிக்கும் தங்கச்சியிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ல, ள, ழ மூன்றும் என்னிடம் ஒரே ரூமில் தங்கியிருக்கும் பையன்கள் மாதிரி — ஒருவன் சட்டையை இன்னொருவன் மாட்டிக்கொண்டு போய்விடுவான். பிழை கண்ணில் பட்டால் அது என்னுடையது. படாவிட்டால் தங்கச்சியின் புண்ணியம்.

சுங்குவார்சத்திரத்தில் நான் ஆண்கள் ஹாஸ்டல் நடத்துவது உங்களுக்குத் தெரியும். எல்லாம் கம்பெனிப் பையன்கள். தெற்கத்திக்காரர்கள் அதிகம். எங்கள் கட்டடத்துக்குள் டவர் எடுக்காது. வைஃபைதான் உயிர்.

அதைக் கவனிக்க என் போனில் ஒரு ஆப் இருக்கிறது. யார் யார் நெட்டில் இருக்கிறார்கள், யார் அதிகம் இழுக்கிறார்கள் — எல்லாம் காட்டும். ஒவ்வொரு போனுக்கும் கட்டில் நம்பரைப் பெயராகப் போட்டு வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பட்டன். தொட்டால் அந்த போனுக்கு மட்டும் நெட் நின்றுவிடும்.

எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஏன் தெரியுமா? யாரிடமும் பேச வேண்டாம்! "தம்பி, படம் இறக்காதே" என்று ஒருவனிடம் போய்ச் சொல்ல எனக்கு அரை நாள் தைரியம் சேர்க்க வேண்டும்.

"வாயால பேச வேண்டியதெல்லாம் வெரலால பேசிக்கினு கீற" என்பாள் என் மனைவி.

இங்கே ஒரு வழக்கம். கம்பெனிக்குள் கேமரா போன் விடமாட்டார்கள். அதனால் பையன்கள் போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு ஷிஃப்ட்டுக்குப் போவார்கள். ஆள் அங்கே மெஷின் லைனில் நிற்பான். போன் இங்கே தன்பாட்டுக்கு அப்டேட், டவுன்லோடு என்று இழுத்துக்கொண்டிருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன் ஊருக்கு வீடியோ கால் போட்டால் படம் உறைந்து நிற்கும்.

ஒரு வழி கண்டுபிடித்தேன். காலை ஷிஃப்ட் பஸ் கிளம்பியதும், அதில் போனவர்களின் போன்களை நிறுத்திவிடுவது. ஆளில்லாத போனுக்கு நெட் எதற்கு... நியாயம்தானே?

போன மாதம் ஒரு பகலில் செல்லத்துரை படியிறங்கி வந்தான். நைட் ஷிஃப்ட்காரன். கண்ணில் தூக்கம், கையில் இரண்டு போன்.

"அண்ணாச்சி, என் போன்ல நெட்டு ஓடுது. இசக்கி போன்ல சுத்திக்கிட்டே கெடக்கு."

இசக்கிமுத்து அவன் ரூம்காரன். காலை ஷிஃப்ட்டில் இருந்தான்.

"அவன் வந்ததும் வரும்பா" என்றேன்.

"வந்தப்புறம் எதுக்கு? அவன் பொண்டாட்டிக்கு இது மாசம்லா! வலி வந்தா வாட்ஸ்அப்லதான் கூப்பிடுவாவ. நான் எடுத்து, கம்பெனி கேட்டுக்குச் சொல்லி அவன வெளிய வர வைக்கணும். அதுக்குத்தான போனத் தலைமாட்டுல போட்டுத் தூங்குதேன்!"

அவசரமாக ஆப்பைத் திறந்தேன். பட்டனைத் தொட்டேன். அவன் கையில் போன் துடித்தது. வரிசையாகத் தவறிய அழைப்புகள். கடைசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ். இசக்கியின் மாமியார் குரல்:

"மாப்ள, எங்க இருக்கிய? ஆபரேஷன்னு சொல்லிட்டாவ. ஒங்ககூட ஒரு வார்த்த பேசிட்டுத்தான் உள்ள போவேன்னு அழுதா..."

தெருவுக்கு ஓடி, டவர் எடுத்ததும் கம்பெனி கேட்டுக்கு போன் அடித்தோம். யாரும் எடுக்கவில்லை. செல்லத்துரையைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை விரட்டினேன்.

"ஷிஃப்ட் முடியட்டும். அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்றார் செக்யூரிட்டி.

"அவன் பொண்டாட்டிய ஆபரேஷனுக்கு இட்டுகினு போறாங்க! உள்ள போறதுக்குள்ள அவன் பேசணும். கூப்பிடு நைனா!"

கத்தியது யார்? நானேதான்! லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செக்யூரிட்டி மறுபேச்சில்லாமல் சூப்பர்வைசருக்குச் சொன்னார்.

இசக்கி யூனிஃபார்மோடு ஓடி வந்தான். வெளியே டவர் நன்றாக எடுத்தது. செல்லத்துரை நீட்டிய போனை வாங்கி, லாரி நிழலில் நின்று பேசினான்.

"பயப்படாத புள்ள... இந்தா, பஸ் ஏறுதேன்." அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

அவனை பஸ் ஏற்றும்போது சொல்லிவிட்டேன். "நெட்டை நிறுத்தினது நான்தான் தம்பி. எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்படிண்ணாச்சி சொல்ல? நீங்க எப்பவும் மொறச்சுக்கிட்டே இருப்பியள்லா!"

முறைப்பா? இத்தனை காலம் நான் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டதெல்லாம் அவர்கள் கணக்கில் முறைப்பு! நான் அவர்களுக்குப் பயந்திருக்கிறேன். அவர்கள் எனக்குப் பயந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு ஆப்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

ஆப்பை எடுத்துவிடவில்லை, அது நல்ல ஆப்தான். ஆனால் இப்போதெல்லாம் காலையில் பையன்கள் பஸ் ஏறும் இடத்துக்கே போய் நிற்கிறேன். "ஊர்லேர்ந்து போன் எதுனா வருமா?" என்று கேட்கிறேன். முதல் நாள் மிரண்டார்கள். இப்போது ஒருவன் தங்கச்சிக்கு வரன் பார்ப்பதைச் சொல்கிறான், இன்னொருவன் அப்பாவின் மூட்டு வலியைச் சொல்கிறான். நானும் பதிலுக்குப் பதில்...

என் பேச்சை நிறுத்த பஸ் டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டியிருக்கிறது!

எழுதி முடித்தது: ஆவணி மாதம், முதல் ஞாயிறு.