நீளமான விடை

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு வகுப்பறையில்கூட அவர் சாக்பீஸ் பிடித்ததில்லை. தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் இணையவழிப் பாடம் தயாரிப்பது அவர் வேலை. ஏணியில் ஏறுவது எப்படி, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது, அமிலத்தை எப்படிக் கையாள்வது. அவர் எழுதுவார், நான் வாசிப்பேன். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பாடங்களில் ஒலிப்பது என் குரல். ஒலிப்பதிவு அறை என்பது பழைய கோப்புகள் கிடந்த அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவரில் மெத்தையைச் சாத்தியிருக்கிறார்கள், உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். சொல்லிப் பார்த்தாயிற்று, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டீச்சர் கறாரானவர். ஒரு பக்கத்தை நான் வாசித்து முடிக்கும்வரை 'அடுத்து' பொத்தான் வேலை செய்யாது. அது அவருடைய ஏற்பாடு. தேர்வுக் கேள்விகளில் தவறான விடைகளை இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். சரியான விடையை மட்டும், நாளைக்கு யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று, எல்லா நிபந்தனைகளையும் சேர்த்து மூன்று வரிக்கு இழுப்பார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தேறினார்கள். மேலாளர் அந்த எண்ணை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்.

டீச்சரின் அண்ணன் ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்க்கிறார். பூச்சு பூசுவதற்கு முன்னால் இரும்புச் சாமான்களை அமிலத்தில் முக்கிச் சுத்தம் செய்கிற பிரிவு. அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில்தான். அந்தப் பட்டறை எங்கள் பாடத்தை வாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, என் குரலைப் பேசவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாராம். குரல் நிற்கும்போதெல்லாம் சுண்டுவிரலால் ஒரு தட்டு. தேர்வு வந்தது. ஒரு கேள்வியையும் படிக்காமல் பத்துக்குப் பத்து.

எப்படி என்று டீச்சர் கேட்டார்.

"இதென்ன பெரிய வித்தையா? எது நீளமா இருக்கோ அதத் தட்டணும். பட்டறையில எல்லாரும் அப்படித்தான் பாஸ் ஆகுறோம்."

டீச்சர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அமிலத்தையும் தண்ணீரையும் கலக்கும்போது எதை முதலில் ஊற்ற வேண்டும் என்று கேட்டார். அண்ணன் யோசித்துவிட்டு, எது கைக்குக் கிட்ட இருக்கிறதோ அதை என்றார். பட்டறையில் அதுவரை அமிலம் கலக்கிக்கொண்டிருந்தவர் வேறொருவர். அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பொறுப்பு அண்ணனுக்கு.

மறுநாள் டீச்சர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் எனக்குத்தான் முதலில் கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷம் நான் தொண்டை வறளப் பேசியது வெங்காயத்துக்கா? டீச்சர் அமிலப் பாடத்தைத் திறந்து எல்லா விடைகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டினார். பழைய மதிப்பெண்கள் செல்லாது, எல்லோரும் மறுபடி எழுத வேண்டும் என்று பட்டறைக்குக் கடிதம் போனது. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் வேலை போய்விடும். அந்த விதியை முன்பு எழுதிக்கொடுத்ததும் டீச்சர்தான்.

தேறியவர்கள் நூற்றுக்கு நாற்பத்தொரு பேராக இறங்கினார்கள். மேலாளர் சுவரிலிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்தார். நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை எதற்காகக் கெடுத்தீர்கள், பழையபடி மாற்றுங்கள் என்றார்.

"முடியாது சார். தெறிச்சா அது எங்கண்ணன் முகத்துலதான் தெறிக்கும்."

அண்ணன் இரண்டு முறை தவறினார். சொந்தத் தங்கையே ஆப்பு வைத்துவிட்டாள் என்று வீட்டில் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. டீச்சர் போனை அவர் முன்னால் வைத்து, முதல் பக்கத்தையாவது படியுங்கள் என்று கெஞ்சினார். அண்ணன் படித்தார். கஷ்டப்பட்டு இரண்டாம் பக்கமும் படித்தார்.

"நான் என்ன செய்யணும்னு இதுல எங்க போட்டிருக்கு?"

டீச்சர் தேடிப் பார்த்தார். பதினான்காம் பக்கத்தில், நிறுவனரின் வாழ்த்துரைக்கும் சட்டப் பிரிவுகளுக்கும் பின்னால் இருந்தது. நான் அதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். எனக்கும் உறைத்ததில்லை.

அந்த வாரமே முப்பத்திரண்டு பக்கங்கள் ஆறாயின. 'அடுத்து' பொத்தானின் பூட்டையும் எடுத்துவிட்டார். இனி பிடிக்காதவர்கள் என் குரலைத் தாண்டிப் போகலாம். மனசு சுருக்கென்றது, ஆனாலும் உட்கார்ந்து வாசித்தேன். முதல் பக்கம் இவ்வளவுதான்: முதலில் தண்ணீர். பிறகு அமிலம், கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றி ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

மூன்றாவது தேர்வு ஒரு வியாழக்கிழமை காலை. இங்கே திரையில் அண்ணன் எந்தக் கேள்வியில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். ஏழாவதில் நான்கு நிமிஷம் நின்றார். டீச்சர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார், அப்போதும் ஏழுதான். கடைசியில் பத்துக்கு எட்டு, பாஸ். தவறிய இரண்டும் டீச்சர் நீக்கப் பார்த்தும் பட்டறை நிர்வாகம் விட்டுத்தர மறுத்த கேள்விகள்: நிறுவனம் தொடங்கிய ஆண்டு, நிர்வாகத்தின் தொலைநோக்கு.

டீச்சர் சிரிக்கவில்லை. பத்துக்குப் பத்தையே பார்த்தவர், எட்டை நம்புவாரா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குளியலறையைக் கழுவப் போனார். டீச்சர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அண்ணன் அமில பாட்டிலைத் தள்ளி வைத்தார். காலி வாளியைக் குழாயடியில் வைத்துப் பாதி நிரம்பும்வரை காத்திருந்தார். குழாயை மூடினார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கொஞ்..சம் கொஞ்..சமாக" என்று முணுமுணுத்தபடி ஊற்றினார். நான் அதை அப்படித்தான் இழுத்து வாசித்திருந்தேன்.

திங்கட்கிழமை இதைச் சொல்லிவிட்டு டீச்சர் அழுதார். தன் பாடத்தை ஒருவர் கற்றுக்கொண்டதை அவர் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவையாம். எனக்கும்தான் அழுகை வந்தது. பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.