பசித்தால் ஒன்றுகூடும் அமீபாவைப் பார்க்கச் சிதம்பரம் போனேன்

2010 ஆடி மாதம். அக்கா மகள் கலையரசி சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. பத்து நாளில் ஜெர்மனி போகிறாள், திரும்புவது எப்போது என்று தெரியாது. "போவாத" என்று சொல்லி அவளை நிறுத்த எங்கள் குடும்பத்தில் என்னை விட்டால் ஆள் ஏது? ஆராய்ச்சிக்கு முந்திரிச் சருகு மண் வேண்டும் என்று அவள் எப்போதோ கேட்டிருந்தது நல்ல சாக்காயிற்று.

காடாம்புலியூர் முந்திரித் தோப்பில் டிபன் டப்பா நிறைய அள்ளினேன். கெட்டுப்போகாமல் இருக்க இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூளும் கலந்தேன். இதெல்லாம் படித்தவர்களுக்குத் தோன்றாது.

கடலூர் வந்து பஸ் பிடித்தேன். அங்கிருந்து சிதம்பரம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். டிக்கெட் அப்போது பதினெட்டு ரூபாய். இந்தத் தடத்தில் என்னைத் தெரியாத பஸ்ஸே கிடையாது. கண்டக்டர் டப்பாவைத் தட்டினார்.

"இன்னா மாமா, பிரியாணியா?"

"உள்ள கோடி உயிர் இருக்குது. மெதுவா ஓட்டச் சொல்லு."

"அப்ப கோடி டிக்கெட் வாங்கு."

ஆய்வகத்தில் கலை டப்பாவைத் திறந்ததும் தலையில் கை வைத்தாள். "மஞ்சளா போட்டீங்க? மண்ணுல இருக்கிற அமீபாங்க பாக்டீரியாவத் தின்னு பொழைக்குது மாமா. அது செத்துட்டா இன்னாத்தத் தின்னும்?"

பிறகு சிரித்துவிட்டு, தான் வளர்த்த மண் அமீபாவை மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். ஒரே ஒரு செல். கையே இல்லாதது கை நீட்டி நகர்ந்தது. நம் தசையில் இருக்கும் ஆக்டின் என்ற நூல் அதற்குள்ளும் இருக்கிறதாம். அந்த நூலைக் கட்ட, வெட்ட, நுனியை மூடத் தனித்தனிப் புரதங்கள். மனிதன் வருவதற்கு எத்தனையோ கோடி வருஷம் முன்பே உண்டான அந்த ஏற்பாடுதான், கொஞ்சம் கொஞ்சமாக மாறி நம் உடம்பு வரை வந்திருக்கிறது என்றாள். நான் பத்தாவதிலேயே சந்தேகப்பட்ட விஷயம்தான்.

"தீனி இருக்கிற வரைக்கும் தனித்தனியாத் திரியும் மாமா. பசி வந்தா ஒன்ன ஒன்னு கூப்ட்டு, ஊர்ந்து வந்து ஒன்னாக் கூடிரும்."

"எவ்ளோ தூரம் போயிருந்தாலும்?"

அவள் லென்ஸைத் துடைத்தாள். "போவாத" என்று சொல்ல வந்தவன், "ஸ்வெட்டர் வாங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

போகிறவர்களுக்கு: மண்ணில் மஞ்சள் கலக்காதீர்கள். கோயில் மதியம் மூடிவிடுவார்கள், சாயங்காலம் போங்கள். நடராஜர் முன்னால் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: ஜெர்மனியில் பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கட்டும், சாப்பாடு மட்டும் பிடிக்காமல் போகட்டும்.