பலகைக்கு அந்தப் பக்கம் பாடியவர்

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் லீவுக்கு வந்தபோது, வழக்கமாகக் கொண்டுவரும் முறுக்கு டின்னோடு ஒரு சதுரப் பெட்டியையும் கொண்டுவந்தாள். திறந்தால் புதுப் பிசின் வாசனை. மேலட்டையில் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் நாலு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு பேருக்கும் முடி தோள்வரை. ஒருவனுக்குக் காலில் செருப்பு இல்லை. அந்தச் செருப்பில்லாதவனை எனக்கு நன்றாகத் தெரியும். மத்தளக்காரன். ஐம்பது வருடத்துப் பழக்கம்.

"அம்மா, ஒங்க ரிக்கார்டு. புதுசா மிக்ஸ் பண்ணி விட்டிருக்காங்க" என்றாள்.

இவர்களுடைய பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் படிப்பதை விட்டுவிட்டுப் பாட்டைக் கேட்கப் போய்விடுவீர்கள், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அந்தமான் ஜங்லிகாட்டில் இருக்கிற ஒரு கிழவி, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், இங்கிலீஷ் ராக் பாட்டைப் பற்றி என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறாள் என்று நினைப்பவர்களும் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் உட்காருங்கள். எனக்கு அவசரமில்லை.

இந்த ஒரே ரிக்கார்டு என் காலத்தில் எத்தனையோ தடவை புதிதாக வந்துவிட்டது. கேசட்டாக வந்தது. சிடியாக வந்தது. பிறகு பழைய டேப்பைக் கழுவித் துடைத்து எடுத்தது என்று இன்னொரு சிடி வந்தது. பினாயில் போட்டுக் கழுவியிருப்பார்கள் போலிருக்கிறது. நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்த நாள் மாதிரி. இப்போது வந்திருக்கும் பெட்டியில் மூன்று தட்டு. ஒன்றில் அவர்கள் பாடிப் பார்த்து வேண்டாம் என்று தள்ளியதை எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். தொடங்குகிறார்கள், தப்புகிறது, யாரோ இருமுகிறான், மறுபடி தொடங்குகிறார்கள். என் வீட்டில் சாம்பார் தப்பிப்போன நாட்கள் உண்டு. அதை யாரும் பெட்டி போட்டு விற்கவில்லை.

பிசின் வாசனை என்றதும் எனக்கு இந்தத் தீவின் படாக் மரம்தான் ஞாபகம் வரும். அப்போது நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் முழுக்கப் பலகை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே பலகைச் சுவர். வெயில் காலத்தில் சிவப்பாக ஒரு வாசனை வரும். வாசனைக்கு நிறம் உண்டா என்று கேட்காதீர்கள், படாக்குக்கு உண்டு. மழை மாதங்களில் பலகை ஊறிக் கதவு சாத்தாது. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்மல் வரும். என் வீட்டுக்காரர் சாத்தம் ஜெட்டியில் கப்பல் சரக்கைத் தூக்கும் வின்ச் ஓட்டினார். அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. நான் சொல்வதில் பாதிதான் அவருக்குக் கேட்கும். குடும்பம் நன்றாகவே நடந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம் ராத்தா; அவர்கள் பேச்சில் அக்காவுக்கு அப்படித்தான் பேர். இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவள் வீட்டுக்காரரை ஊரே பாய் என்று கூப்பிட்டது. மளிகைக்கடை வைத்திருந்தார். பேசாத மனிதர். அரிசி இருக்கிறதா என்று கேட்டால் மூட்டையைப் பார்ப்பார், அதுதான் பதில்.

எழுபதுகளின் தொடக்கம். கப்பலில் ரேடியோ வேலை பார்த்த ஒரு மலையாளி, வேலையை விட்டு மெயின்லேண்டுக்கே போகிறவர், தன்னுடைய ரிக்கார்டு பிளேயரை விற்றுவிட்டுப் போனார். தனியாக வாங்க இரண்டு வீட்டுக்கும் வசதி இல்லை. என் வீட்டுக்காரரும் பாயும் பொதுவில் வாங்கினார்கள். பிளேயர் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று பேச்சு. அதோடு பாட்டு வருகிற பெட்டிகள் இரண்டு இருந்தன. என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ரெண்டு பொட்டி. ரெண்டு வீடு. பஸ், டீக் ஹை" என்று தீவு இந்தியில் கணக்கை முடித்தார்.

பலகையில் ஒரு கணு விழுந்து ஓட்டை இருந்தது. அதன் வழியாக ஒயரை விட்டு ஒரு பெட்டியை ராத்தா வீட்டில் வைத்தாயிற்று. இதைவிட நியாயமான பங்கு எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

சினிமாப் பாட்டு ரிக்கார்டுகள் சின்னவை. அவை இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி பாடின. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மலையாளி விட்டுப்போன பெரிய ரிக்கார்டு ஒன்றே ஒன்றுதான், இந்தப் படகு ரிக்கார்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அதைப் போடுவேன். எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். முதல் தடவை கேட்டபோதே கோயில் கொடை மேளம் இறங்கியது போலிருந்தது. உறுமி மாதிரி ஒன்று அடித்தொண்டையில் உறுமும், அதன்மேல் மத்தளம் விழும். வார்த்தை ஒன்றும் கிடையாது. பாட்டில் வார்த்தை இல்லாததுதான் ராக் என்று புரிந்துகொண்டேன். இங்கிலீஷ் தெரியாதவளுக்கு அது எவ்வளவு வசதி!

ஒரே ஒரு குறை. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெலிதாக ஓர் ஆண்பிள்ளைக் குரல் கேட்கும். ரிக்கார்டு போட்டதும் தொடங்கும், எடுத்ததும் நின்றுவிடும். பாய்தான் பாடுகிறார் என்று நான் புரிந்துகொண்டேன். வாரமெல்லாம் பேசாமலிருக்கிற மனிதர் இப்படி ஒரு நாள் வாயைத் திறந்து ஆற்றிக்கொள்கிறார். அதுவும் இங்கிலீஷில். நல்ல குரல். நான் ராத்தாவிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டுக்குள் ஒரு மனிதர் பாடுவதை வெளியில் பேசுவது மரியாதை இல்லை. குழாயடியில் வேறு நாலைந்து பெண்களிடம் மட்டும் சொல்லி வைத்தேன்.

ராத்தாவும் அந்த ரிக்கார்டுக்கு என்னைப் போலவே பித்து. ஆனால் அவள் பேச்சு எனக்குப் புரியாது.

"அந்த மனுசன் அழுவுறான் பாரு புள்ள, ஈரக்கொலை நடுங்குது. கையில கொட்டு வச்சிக்கிட்டு நம்ம ஊருத் தெருவுல பாடிட்டு வர்ற பக்கிரிசா மாதிரி" என்பாள்.

"எங்க ராத்தா அழுவுதான்? போட்டுல்லா அடிக்கான்?" என்பேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். சில நாள் காரணமில்லாமல் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள். வளையல் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். திங்கட்கிழமைகளில் எனக்கு மட்டும் ஒரு கிண்ணம் கறி வரும். ஏன் திங்கட்கிழமை என்று நான் யோசித்ததில்லை. கறி நன்றாக இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் பாய்க்குக் காய்ச்சல். கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்:

"பாயக் கொஞ்ச நாளைக்குப் பாடாம இருக்கச் சொல்லுங்க ராத்தா. தொண்டைக்கு நல்லது."

"யாரு பாடுறது?"

"அதான், ரிக்கார்டு போட்டா கூடவே பாடுதாருல்லா. நல்லாத்தான் பாடுதாரு. குத்தமாச் சொல்லல."

ராத்தா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அஞ்சு வேளை தொழுவுற மனுசன். ஞாயித்துக்கெழம மதியானம் கட்டையாத் தூங்குவாரு. அவரு இங்கிலீசுல அழுவுறாருங்கிறியா?"

"எனக்குக் கேக்குல்லா?"

"அரே வா! ஒனக்குக் கேக்குதோ? எனக்குங் கேக்குது தங்கச்சி. ரிக்கார்டப் போட்டு மறைச்சிக்கிட்டு புருசனும் பொண்டாட்டியும் அடிச்சி உருளுறீங்களே, பாத்திரமெல்லாம் பறக்குதே, நான் ஒரு நாளாச்சும் வாயத் தொறந்தனா? போனாப் போவுதுன்னு கறி கொடுத்து வுட்டேன். நீ எங்க வூட்டு ஆளச் சிரிப்பாச் சிரிக்க வைக்கிறே!"

என் வீட்டுக்காரர் என்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. ஜெட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இவள் இத்தனை நாள் எங்களைப் பற்றி இப்படியா நினைத்துக்கொண்டிருந்தாள்! கஞ்சிச் சட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காய்ச்சல்காரருக்குக் கொண்டுபோன கஞ்சி. அதைப் பற்றி ராத்தா ஊரில் என்ன சொன்னாள் என்று தெரியாது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுநாள் ஓட்டையில் ஒயர் இல்லை. துணி அடைத்திருந்தது. மழை நின்றதும் அவர்கள் ஹார்பருக்கு அந்தக் கரையில் பாம்பூஃப்ளாட்டில் கடை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். போகிற அன்று பாய் அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்துவந்து எங்கள் வாசலில் வைத்தார். என்னைப் பார்த்தார். என்னவோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்தப் பெட்டியை மாட்டலாமா என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர், "ஒண்ணே நல்லாத்தான கேக்கு" என்றுவிட்டார். அவர் காதுக்கு அது சரி. பெட்டி தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலானது. ஞாயிற்றுக்கிழமை ரிக்கார்டு போட்டேன். பாய் போனதும் அந்த ஆண்பிள்ளைக் குரலும் போயிருந்தது. அதைவிடப் பெரிய சாட்சி உண்டா? நான் சொன்னதுதான் சரி என்று இருந்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தக் குரல் இல்லாமல் மத்தளம் கொஞ்சம் தனியாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

ஆண்கள் இரண்டு பேரும் படகுத்துறையில் பார்த்தால் பீடி பற்றவைத்துக்கொள்வார்கள். நாங்கள் பேசவில்லை. ஹார்பரின் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் தினமும் படகு போய்வந்தது. பாய் மௌத்தானதை என் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். அவர் மட்டும் அடக்கத்துக்குப் போய்வந்தார். நான் போகவில்லை. எப்படிப் போவது?

மகள் மெயின்லேண்டில் காலேஜ் முடித்துவிட்டு வரும்போது ஒரு வாக்மேனும் இந்தக் கேசட்டும் கொண்டுவந்தாள். பஞ்சு வைத்த காதுக் கம்பியை என் தலையில் மாட்டினாள். இடது காதில் என் மத்தளம். வலது காதில் பாய்.

நான் அலறியதில் மகள் ஓடிவந்தாள். "என்னம்மா?"

"பாய் பாடுதாரு."

அப்புறம் அவள் நிதானமாக விளக்கினாள். அந்தக் காலத்தில் அப்படித்தானாம். அடிக்கிறவர்களை ஒரு பக்கப் பெட்டியிலும், கையில் ஒரு ஜால்ரா கொட்டோடு பாடுகிறவனை இன்னொரு பக்கப் பெட்டியிலும் ஏற்றிவிடுவார்களாம். மத்தளம் எங்கள் வீட்டுக்கு, பாடகன் ராத்தா வீட்டுக்கு. என் வீட்டுக்காரர் பங்கு பிரித்தது பெட்டியை மட்டுமல்ல.

மறுநாள் சாத்தமிலிருந்து முதல் படகில் போனேன். பாம்பூஃப்ளாட் கடையில் ராத்தாவே உட்கார்ந்திருந்தாள். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அரிசி மூட்டையைப் பார்த்தாள். பாயிடமிருந்து வந்த பழக்கம்.

"என்ன வேணும்?"

"ஒரு பாட்டு கேக்கணும் ராத்தா."

காதுக் கம்பி ஒன்றுதான். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தலையோடு தலையை ஒட்டி, கம்பியை இரண்டு தலைக்குமாக இழுத்து மாட்டினேன். இடது பஞ்சு என் காதில், வலது அவள் காதில். கடைக்கு வந்தவர்கள் சாமான் வாங்காமல் எங்களையே பார்த்தார்கள்.

"இவன்தான்! அழுவுறான் பாரு" என்றாள்.

"இங்க அடிக்கான் ராத்தா" என்றேன்.

பிறகு கம்பியைத் திருப்பி மாட்டினேன். இப்போது மத்தளம் அவள் காதில். ராத்தா பாட்டு முடிகிறவரை கேட்டாள்.

"அப்ப அவரு ஒன்ன அடிக்கவே இல்லியா?"

"இல்ல ராத்தா."

"இத்தன வருசமா அஞ்சு வேளையும் ஒனக்காக துவா செஞ்சிக்கிட்டிருக்கேன்டி, பாவி. அந்தப் புள்ளய அவன் கொன்னுடக் கூடாதுன்னு."

என் காதில் அந்த மனிதன் அடுத்த பாட்டைத் தொடங்கியிருந்தான். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "நானும் பாய்க்கு நல்ல கொரலுன்னு லைன் பூராச் சொல்லிருந்தேன்" என்றேன்.

ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கல்லாப் பக்கம் பாய் உட்காரும் ஸ்டூலைப் பார்த்தாள்.

"பாடியிருக்கலாம். என்ன கெட்டுப்போச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை போவேன். அவள் வலது, நான் இடது. ராக் என்றால் பாடகன் என்பது கடைசிவரை அவள் கட்சி. மத்தளம் என்பது என் கட்சி, இன்றைக்கும். இரண்டு காதாலும் கேட்ட பிறகும் இரண்டு பேரும் மாறவில்லை. ராத்தா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே.

இனி பெட்டிக்கு வருகிறேன். மகள் போனில் பாட்டை வைத்து, காதில் மாட்ட இரண்டு மொச்சைக்கொட்டை மாதிரிக் கொடுத்தாள். கேட்டேன். வலதை எடுத்துவிட்டேன். பாடகன் போகவில்லை. வலதை வைத்து இடதை எடுத்தேன். மத்தளக்காரன் அங்கேயும் வந்து செருப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறான்.

"எல்லாரையும் நடுவுல கொண்டுவந்துட்டாங்கம்மா. இப்பதான் சரியா இருக்கு" என்றாள்.

"பழசு?"

"இனிமே இதுதாம்மா. போன்ல பழச எடுத்துட்டாங்க."

கேசட்டில் இந்தத் தீவு ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது. ரிக்கார்டு இருக்கிறது, பிளேயர் இல்லை. லைன் வீடுகளை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். அதில் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். படாக் பலகைகள் எங்கே போயினவோ! சிமெண்டுக்கு வாசனை கிடையாது.

மகள் விடவில்லை. காதில் வேண்டாம், பெரிதாகக் கேளுங்கள் என்று ஒரு ஸ்பீக்கரில் வைத்தாள். ஒரே ஸ்பீக்கர். ஞாயிற்றுக்கிழமை மதியம் வேறு. மத்தளம் விழுந்து சுவர் அதிர்ந்தது. பாடகன் அதற்கு மேலே ஏறி அழுதான். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெங்காலிப் பெண், கையில் குழந்தை.

"ஆன்ட்டி, தோடா ஆவாஸ் கம் கீஜியே" என்றாள். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமாம்.

அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். உள்ளே யாரும் யாரையும் அடிக்கிறார்களா என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. என் கையைத் திருப்பியும் பார்க்கவில்லை. அவளுக்குக் கேட்டது வெறும் பாட்டுதான்.

குறைத்துவிட்டேன்.