கதீஜா அக்கா வீட்டுக் கிணறு

நான் ஒரு பொய் எழுதினேன். ஒரே ஓர் எண். அதை நம்பி ஒரு குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இதைப் படிக்கும் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். கேட்டுக்கொண்டால் போதும்.

எண்பதுகளின் கடைசியில் கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் படித்தேன். முடித்தால் ஆய்வகத்தில் வேலை நிச்சயம் என்றார்கள். இறுதியாண்டில் ஆளுக்கு ஐந்து கிணறுகளைச் சோதிக்க வேண்டும். தவளக்குப்பத்தில் பேருந்தை விட்டிறங்கி, வாடகைச் சைக்கிளில் உள்ளே போனேன். ஐந்தாவது கிணறு மளிகைக்கடை கதீஜா அக்காவுடையது. வீட்டுக்குப் பின்னால், இரண்டு வயல் தாண்டிச் சாய ஆலை.

"தண்ணி கரிக்குது தம்பி. ஆலைக்காரங்கள கேட்டா ஒண்ணுமில்லன்றாங்க. புள்ளைக்கு மட்டும் அடுத்த தெருவுல மொண்டாறேன். நீ படிச்சவன், நல்லா பாத்து சொல்லுபா" என்றார். இடுப்பில் இருந்த இரண்டு வயது நூரு, என் பாட்டிலைப் பிடித்திழுத்துச் சிரித்தாள்.

மற்ற நான்கு கிணற்றுத் தண்ணீரும் ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து கொஞ்சம் மருந்து இறங்கியதுமே செங்கல் நிறமானது. அக்காவின் தண்ணீரோ... எவ்வளவோ இறங்கிய பிறகுதான் மாறியது! மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே அளவு. மருந்து எவ்வளவு கூடுதலாக இறங்குகிறதோ, தண்ணீரில் அவ்வளவு உப்பு. உப்பு அப்படி ஏறினால் ஆலைக் கழிவு ஊறியிருக்கலாம் என்பது முதலாண்டுப் பாடம். எனக்குத் தெரியாதா? தெரியும்.

ஆனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. அக்கம்பக்கத்து அளவோடு ஒத்துப்போகாத எண்ணைப் பார்த்தால், "கை சரியில்ல, திரும்பச் செய்" என்று விரிவுரையாளர் மதிப்பெண்ணைக் குறைப்பார். அதனால் விடையை முதலில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற அளவைப் பின்னாலிருந்து கணக்கிட்டு எழுதுவோம். 'குக் பண்றது' என்று சிரித்துக்கொண்டே சொல்வோம்.

மறுநாள் செய்முறைத் தேர்வு. நானும் குக் பண்ணினேன்.

அக்கா அறிக்கையின் நகலைக் கேட்டார். கொடுத்தேனே, பாவி! 'குடிக்க உகந்தது.' அதைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்தார்.

"இனிமே அடுத்த தெருவுக்கு நடக்க வேணாம்பா. நல்லா இருப்ப நீ."

சில மாதங்களில் நூருவுக்கு உடம்பு ஊதியது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். இறந்துபோனாள். தண்ணீர்தான் காரணமா? எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடியவன் நான் ஒருவன்தான்...

துக்கம் கேட்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் நல்ல தண்ணின்னு சொன்னியே தம்பி... அப்பறம் இன்னாதான்பா ஆச்சு எம்புள்ளைக்கு?"

அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? அந்த வாரம்தான் தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஆணை என் சட்டைப்பையில் இருந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் சொம்பில் கொடுத்தார்கள். என்னிடம் நீட்டியபோது தாகமில்லை என்றேன். பக்கத்தில் இருந்தவர் வாங்கிக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.