சின்னம்மாவின் அன்றைய படம்

காலை ஏழு இருபதுக்கு நான் காணாமல் போனேன். அந்தச் செய்தி எனக்குத் தெரிய வெகுநேரம் ஆனது.

போன வாரம் தேனி பேருந்து நிலையத்தில் என் மகள் கொஞ்ச நேரம் கண்ணில் படாமல் போய்விட்டாள். தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாளாம். அவள் வந்துவிட்டாள், என் நடுக்கம்தான் இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து அந்தப் பழைய காலையே மனதில் ஓடுகிறது.

அப்போது எனக்கு ஏழு வயது. கம்பத்தில் எங்கள் வீட்டோடு அம்மாவின் தங்கையும் இருந்தாள். சின்னம்மா தினம் ஒரு படம் செய்வாள். பென்சிலால் வரைந்து, நிறம் வேண்டிய இடங்களில் காகிதத்தைக் கிழித்து ஒட்டுவாள். திராட்சைப் பெட்டி லேபிள், துணிக்கடைப் பை, கல்யாணப் பத்திரிகை என்று அவள் கைக்கு எதுவும் தப்பாது. காய்ச்சல் வந்தால் படுக்கையில் உட்கார்ந்து தலையணையையாவது வரைந்துவிடுவாள்.

"தெனமும் என்னத்தடி கிழிச்சுக் கிழிச்சு ஒட்டுற?" என்று அம்மா கேட்டால், "தெனமும் பல்லு வெளக்குறியே, அத யாரும் கேட்டாகளா?" என்பாள்.

சனிக்கிழமைகளில் சந்தைக்குப் போய் வரைவாள். வயசுப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்பதால் என்னையும் கூட்டிப் போக வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. அதாவது, அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

அன்று அவள் ஜீப்புகள் நிற்கும் வரிசைக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். ஒரு ஜீப்புக்குள் வெள்ளிக் காகிதம் ஒன்று மினுங்கியது. சின்னம்மாவுக்கு ஆகுமே என்று ஏறினேன். இருக்கைக்கு அடியிலிருந்து அதை இழுத்து எடுப்பதற்குள், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ஏறி நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் என்னை அடுத்தவள் பிள்ளை என்று நினைத்தாள். ஒருத்தி மடியில் இடம் கொடுத்தாள். இன்னொருத்தி இட்லி தந்தாள். வண்டி மலை ஏறியது. அதுவரை அப்படி ஒரு சந்தோஷமான பயணம் எனக்கு வாய்த்ததில்லை.

கீழே நடந்ததைப் பிறகு பலர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வரிசையில் இரண்டாவதாக நின்ற ஜீப்பில் பிள்ளை ஏறியது என்றார் வாழைப்பழக்காரர். ஆனால் வரிசையே கலைந்து, வண்டிகள் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தன. அம்மா ஓடிவந்தாள்.

"பிள்ளைய விட்டுட்டுப் பேப்பர ஒட்டிக்கிட்டு இருந்திருக்கியேடி, பாவி!"

படத்தைப் பிடுங்கிக் கிழிக்கப் போனவளை ஒரு டிரைவர் தடுத்தார்.

"கிழிச்சுராதீகக்கா. இந்தா, ரெண்டாவது வண்டி. தார்ப்பாயில ரோஸ் ஒட்டு இருக்கு பாருங்க. ஏலே, இது கம்பம்மெட்டுக்குப் போற வண்டில்ல?"

"அதேதாண்ணே! கிழிஞ்ச எடத்துல பொண்டாட்டி பாவாடைய வச்சுத் தச்சுருக்கான்னு நேத்துக்கூடச் சிரிச்சமே!"

பென்சில் கோட்டில் எல்லா ஜீப்பும் ஒன்றுபோலத்தான் இருந்தன. துணிக்கடைப் பையிலிருந்து விரல்நகம் அளவுக்குக் கிழித்து அவள் ஒட்டியிருந்த அந்த ரோஸ் துண்டுதான் வித்தியாசம்.

மேலே, கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் மிச்சமிருந்தேன். "யாரு பிள்ள ஆத்தா இது?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். டிரைவருக்கு வியர்த்துவிட்டது. என்னை டீக்கடையில் உட்கார வைத்தார். கடைக்காரர் பருப்புவடை கொடுத்து, "கரயண்டா மோளே," அழாதே மகளே என்று மலையாளத்தில் தேற்றினார். நான் அழவே இல்லை. அவர்தான் அழுதுவிடுவார் போலிருந்தது.

கடைசியில் இன்னொரு ஜீப் வந்து நின்றது. சின்னம்மா இறங்கினாள். வண்டியை அடையாளம் பார்க்கக் கொண்டுவந்த படம், அட்டையோடு அவள் கையில் இருந்தது. அடிப்பாள் என்று பார்த்தேன். அடிக்கவில்லை, தூக்கவும் இல்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்து, பென்சிலை எடுத்தாள்.

"அசையாத ஆத்தா. அப்படியே இரு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கழுத்து வலித்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் காகிதத்தைத் தொடவே இல்லை. தினம் வரைகிறவளுக்கு இன்று எப்படி மறந்துபோயிற்று என்று எனக்கு விளங்கவில்லை.

"இன்னும் வரையலயா, சின்னம்மா?"

"வரஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ அசையாத."