முதல் வரியில் சோறு

1. ஒற்றை டிக்

அன்று வியாழக்கிழமை. ஏற்காடு இன்னும் பனிக்குள் கிடந்த காலையில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. சனிக்கிழமை சேலத்தில் நடக்கவிருந்த மாநில ஜூடோ போட்டி ஒரு வாரம் தள்ளிப்போகிறதாம்.

எங்கள் பக்கத்து ஜூடோக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் தகவல் போடுவது என் பொறுப்பு. எஸ்டேட் ஆபீசில் ரைட்டர் வேலை எனக்குச் சம்பளம் தருகிறது. இந்த வேலை என் தூக்கத்தை வாங்கிக்கொள்கிறது. ஹால் மாறிவிட்டது, நேரம் மாறிவிட்டது, குப்பனூர் வழியாக வேன் வரும், வராது. ஊருக்கெல்லாம் பதற்றத்தைப் பங்கு வைத்தே விரல் தேய்ந்துவிட்டது.

அன்றும் போட்டேன். கட்டைவிரல் படங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. என்னிடம் ஜூடோ பழகும் ஸ்டெல்லாவுக்குத் தனியாக அனுப்பியது மட்டும் ஒற்றை டிக்கிலேயே நின்றது. அவள் இருக்கும் செம்மநத்தத்தில் காற்றடித்தால் டவர் போய்விடும்.

மற்றவர்களுக்குத் தாமதமாகத் தெரிந்தால் பரவாயில்லை. ஸ்டெல்லா சாப்பிடாமல் இருந்தாள். நாற்பத்தெட்டு கிலோ பிரிவில் பெயர் கொடுத்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலத் தராசு அதைத் தாண்டக் கூடாது; தாண்டினால் அப்படியே பஸ் ஏற வேண்டியதுதான். மாநில மெடல் ஒன்று இருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போடலாம். அவளுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. என் செய்தி போய்ச் சேராத ஒவ்வொரு வேளையும் அவளுக்கு ஒரு வேளைச் சோறு போகிறது. பைக்கை எடுத்தேன்.

2. மூடாத தட்டு

ஸ்டெல்லா மிளகுக் கொடிகளுக்கு நடுவே வியர்த்து எடை இறங்க மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா மேரியக்கா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, ஊட்ல ஒல வெக்கவே கூச்சமா இருக்குதுங்க. இவ பட்டினி கெடக்கறா, நாங்க வாசனையா கொழம்பு வெச்சுத் திங்கறோம். இதென்ன வெளையாட்டுங்க?"

"போட்டி தள்ளிப்போச்சுக்கா. ஸ்டெல்லா, வா கண்ணு. சாப்புடலாம்."

மேரியக்கா உள்ளே போய்ச் சோறும் ரசமும் போட்டுத் தட்டோடு வந்தார். ஸ்டெல்லா தட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

"யார் சொன்னாங்க மாஸ்டர்?"

"சேலத்துலருந்து வந்துச்சு."

"லெட்டரா, பார்வர்டா?"

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பார்வர்டுதான்.

"போன தடவையும் வேன் வருதுன்னு போட்டீங்க. நான் ரெண்டு மணி நேரம் பஸ் ஸ்டாப்புல காவல் இருந்தேன். இது சோறு மாஸ்டர். தின்னுட்டா திருப்பித் தர முடியாது."

"சாரு பொய்யா சொல்லப் போறாரு? தின்னு சாமி," என்றார் மேரியக்கா.

பசித்தவளின் முன்னால் தட்டை வைத்துவிட்டுப் பொறு என்று சொல்வதைப் போன்ற கொடிய வேலை வேறு இல்லை. "இரு, கேட்டுட்டு வந்தர்றேன்," என்றேன்.

3. மேட்டில்

ரோடு வளையும் மேட்டில் சிக்னல் கிடைத்தது. சேலத்துப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன்.

"தள்ளிப்போச்சுங்களே. குரூப்லயே போட்டிருக்குதே, பாக்கலீங்களா?"

"யார் போட்டதுங்க?"

"நீங்கதானுங்க போட்டீங்க."

நான் விட்ட செய்தி சேலத்தைச் சுற்றிவிட்டு, உறுதியான செய்தியாகி என்னிடமே திரும்பி வந்திருந்தது.

அப்போதுதான் மேட் ஞாபகம் வந்தது. விரிப்பு இல்லாமல் ஜூடோ இல்லை. மேட் ஏற்றும் வண்டிக்காரருக்குப் போட்டேன்.

"ஹால்ல எறக்கிட்டு இருக்கறனுங்க. நொம்ப கனம், பொறவு பேசறேன்."

போட்டி நடக்கிறது. இன்னும் நாலு பேரை விசாரித்ததில் விஷயம் தெரிந்தது: தள்ளிப்போனது சின்னப் பையன்களுக்கான வேறொரு போட்டி. குரூப்பில் மறுப்புப் போடத் திறந்தால், சேலத்து ராகுல் அதற்குள் பிரியாணிப் படம் போட்டிருந்தான். அடியில், 'நன்றி மாஸ்டர்.'

மறுப்பைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனேன். தட்டு அப்படியே இருந்தது. ஸ்டெல்லா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து மழைக்கோட்டின் ஜிப்பை இழுத்தாள். மேரியக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

4. தராசுக்குப் பிறகு

வெள்ளிக்கிழமை ராகுல் எடையில் தோற்றான். ஸ்டெல்லா தேறினாள். என் செய்தியை நம்பாததால் பிழைத்தாள்.

சனிக்கிழமை வெண்கலம் வாங்கினாள். மேடையில் அவளைப் படமெடுத்துக் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தபோது மேரியக்காவிடமிருந்து போன் வந்தது. சிக்னலுக்காக அந்த மேட்டுக்கு நடந்து வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. மெடலைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் கேட்டார்.

"ஏனுங்க, சாப்ட்டாளா?"

இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். கைக்கு வந்ததையெல்லாம் தள்ளிவிடாதீர்கள். மேட் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். நான் எழுதும் அறிவிப்புகளில் இப்போது தேதியும் ஹாலும் பின்னால்தான் வரும். முதல் வரி இரண்டில் ஒன்று: சாப்பிடலாம். சாப்பிட வேண்டாம்.

எது என்று உறுதியாகத் தெரியாத நாட்களில் நான் எதுவும் போடுவதில்லை. ஏன் இன்னும் போடவில்லை என்று குரூப்பில் திட்டுகிறார்கள். திட்டட்டும்.