முன் ஹோலில் முயல்கள், முற்றத்தில் நாய்

முயல் வளர்ப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. திகனயில் எங்கள் தெருவில் ஆசைக்கு முயல் வாங்கியவர்கள் பலர். வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். என் வெள்ளைத் தாய் முயலும் அதன் இரண்டு குட்டிகளும் பின் விறாந்தையில் கொழுகொழுவென்று இருந்தன. கணவருக்கு ஹார்ட்வெயார் கடை. கூட்டுக்கு வேண்டிய கம்பி வலையை, கடையில் இருந்ததிலேயே தடித்ததாகப் பார்த்து நானே எடுத்து வந்தேன். அப்போது அவர் முகம் போன போக்கை நான் கண்டுகொள்ளவில்லை.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் சிங்கள அக்கா ஒரு நாள் வேலியோரம் வந்து நின்றார். என்னைத் தங்கையாக நினைத்து எப்போதும் ‘நங்கி’ என்றுதான் கூப்பிடுவார்.

“நங்கி, கண்ணுக்கு ஒபரேஷன். ரெண்டு மூணு நாள் ஆஸ்பத்திரியில. நாய வேற யாருகிட்டயும் விட மனசில்ல. நீங்க பாப்பீங்களா?”

யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். முஸ்லிம் வீட்டில் நாய் தங்குவது சின்ன விஷயமில்லை. அதன் எச்சில் மேலே பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும்; அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். அப்படிக் கழுவாமல் தொழ முடியாது. ஆனாலும் அந்த அக்காவிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஊரில் எங்கள் ஆட்களின் கடைகளைத் தேடித் தேடி எரித்த அந்தக் கெட்ட வாரத்தில், எங்கள் கேட்டுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர் அவர். வந்தவர்களிடம் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார் என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. அன்று அவர் காலடியில் படுத்திருந்தது இதே நாய். இப்போது முகம் நரைத்துவிட்டது. ஆனால் பூனை, கீரி, அணில் என்று எதைக் கண்டாலும் துரத்துகிற குணம் மட்டும் போகவில்லை.

நாய் வீட்டுக்குள் வர முடியாது. அப்படியென்றால் பின் முற்றம்தான். அதை ஒட்டிய விறாந்தையில்தான் முயல் கூடு இருக்கிறது. என் வலையை எந்த நாயும் கடித்துவிடாது, ஆனால் முயலுக்கு எமன் பல்லில் இல்லை. பயந்தால் தின்னாது, ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால் வயிறு வேலை செய்யாமல் செத்துப்போகும். மிருக வைத்தியர் இதை எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஆகவே பெருநாளுக்கு மட்டும் திறக்கும் எங்கள் முன் ஹோலில் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, சோபா செட்டிக்குப் பக்கத்தில் கூட்டைக் கொண்டுபோய் வைத்தேன்.

“முயலுக்கு ஹோல், நாய்க்கு பின் முத்தம். அப்ப நான் எங்க ஈக்கிய?” என்றார் கணவர்.

அவருடைய அக்கா, என் மதினி, அந்த வாரம் எங்களோடு தங்கியிருந்தார். அவருக்கு விளையாட்டெல்லாம் பிடிக்காது. வானவர்களைச் சொல்லியே என்னை மடக்கினார். “நாய் ஈக்கிய ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க, தெரியுமா?”

“நாய் பின்னுக்குத்தானே மதினி ஈக்கி. மலக்குமாருக்கு முன்கதவு தெறந்துதான் ஈக்கி” என்றேன்.

நாய்க்குச் சோறு வைக்கவும் எனக்கு ஒரு வழி இருந்தது. கையில் சொப்பிங் பேக்கை மாட்டிக்கொண்டுதான் சட்டியைத் தொடுவேன். அது வந்து என் உடுப்பில் உரசும். காய்ந்த ரோமம்தானே, மார்க்கத்தில் குற்றமில்லை என்று விட்டுவிடுவேன். எச்சிலும் படவில்லை, தொழுகையும் கெடவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் தாய் முயல் தின்னவில்லை. காலையில் வல்லாரையை நீட்டினேன். பின்னங்காலால் பலகையில் படார் என்று ஓர் உதை உதைத்துவிட்டு மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. நாயின் குரல் கேட்கிறதோ என்று ஜன்னல்களைச் சாத்தினேன், திரையை இழுத்துவிட்டேன். பகலில் காரட் இலை கொண்டுபோனேன். நான் கூட்டைத் திறந்ததுமே மறுபடியும் உதை. குட்டிகளாவது கொஞ்சம் கொறித்தன. தாய் காதுகளை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு, மூச்சு மட்டும் வேகமாக ஓட, அசையாமல் கிடந்தது. அந்தத் தாயே ஒரு காலத்தில் என் கையில் பிறந்த குட்டிதான்.

“நாய அனுப்பிடுங்க. என் மகன்கிட்ட சொல்லி வேற எங்கயாச்சும் கட்டச் சொல்றன்” என்றார் மதினி. இந்த முறை அவர் குரலில் குத்தல் இல்லை, உண்மையாகவே இரக்கப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் அந்த அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கொஞ்சம் முன்னால் நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போனேன். பேக் கிழிந்தது. நாய் சந்தோஷத்தில் என் கையை மணிக்கட்டு வரைக்கும் நக்கி எடுத்துவிட்டது. உடுப்பெல்லாம் எச்சில். மதினி சமையலை விட்டுவிட்டு, குசினி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவர் தோட்டத்து மண்ணைத் தோண்டி ஒரு பேசினில் கொண்டுவந்தார். உடுப்பை உருவி வாளியில் போட்டேன். மண்ணைக் கரைத்து முழங்கை வரைக்கும் தேய்த்தேன், பிறகு தண்ணீரால் மற்ற ஆறு தடவையும் கழுவினேன். முகம் கைகால் கழுவி வுழூ செய்து, தொழுகை உடுப்பைப் போட்டுத் தொழுதேன். துஆவில் கேட்டதெல்லாம் ஒரு முயலுக்காகத்தான், அல்லாஹ் சிரித்திருப்பான். முடித்து எழுந்து, அதே உடுப்போடு ஹோலுக்குப் போனேன்.

கூட்டைத் திறந்தேன். உதை இல்லை. தாய் முயல் மூக்கை ஆட்டி ஆட்டி முன்னால் வந்தது. என் விரலை முகர்ந்தது. பிறகு கையிலிருந்த வல்லாரையை நறுக் என்று கடித்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது பயந்தது நாயின் வாடைக்கு. முற்றத்து நாயை நான்தான் என் உடுப்பிலும் கையிலும் சுமந்து காலையிலிருந்து ஹோலுக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தேன். எனக்குத் தொழுகைக்குப் போதுமாக இருந்தது முயலுக்குப் போதவில்லை. அது தின்னத் தின்ன எனக்கு அழுகை வந்தது. ஒளிக்காமல் அழுதேன்.

அதற்குப் பிறகு நாய்க்கென்று ஒரு பழைய உடுப்பைக் கிணற்றடிக் கொடியில் போட்டுவைத்தேன். எச்சில் பட்டாலும் படாவிட்டாலும் மண் போட்டுக் கழுவி, உடுப்பை மாற்றிய பிறகே ஹோலுக்குள் கால் வைப்பேன். முயல்கள் தின்றன, நாய் தின்றது, மலக்குமாருக்கு முன்கதவும் திறந்திருந்தது. குட்டிகள் வெளியே வந்து கொறித்ததில் செட்டிக் காலில் மட்டும் ஒரு துண்டு குறைந்தது. மதினி ஊருக்கெல்லாம் போன் எடுத்து, நாயையும் முயலையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்ட கதையைச் சொல்லி, “எங்கட ஊட்டுல நாங்க அப்படித்தான் செஞ்ச” என்று பெருமையடித்துக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது.

அக்கா கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். “கஷ்டம் குடுத்திச்சா நங்கி?”

“இல்ல அக்கா. நல்ல புள்ள” என்றேன்.

அவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எங்கள் கேட்டடியில் நின்றார், அன்று கதிரை போட்டிருந்த அதே இடத்தில். நான் குனிந்து, பேக் இல்லாத வெறுங்கையால் நாயின் நரைத்த தலையைத் தடவினேன். அது என் கையைத் திருப்பி ஆசை தீர நக்கியது. விறாந்தையில் மதினி “யா அல்லாஹ்!” என்றார். நான் கையை எடுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் மண் வேண்டிய மட்டும் கிடந்தது.